வளைகாப்புக்கு முந்தைய மாதங்கள்

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிலில் ஆடிப்பூரத்தன்று அம்மனுக்கு வளைகாப்பு நடக்கும். அம்மனுக்குச் சாத்திய வளையலில் ஒன்றிரண்டு கிடைத்தால் போதும் என்று வேங்கிக்காலிலிருந்தும் சுற்று ஊர்களிலிருந்தும் பெண்கள் போய் நிற்பார்கள். வீடுகளில் ஐந்தாம் மாதம் பூச்சூட்டல், ஏழிலோ ஒன்பதிலோ வளைகாப்பு, கலவைச் சோறு, பிறகு தாய்வீடு. வசதி இல்லாத குடும்பத்துப் பெண்களுக்கு அங்கன்வாடி வழியாக அரசே சமுதாய வளைகாப்பு நடத்துகிறது. எல்லாமே நல்ல வழக்கங்கள். ஆனால் கர்ப்ப காலத்தில் பல பெண்கள் மிகவும் வதைபடும் நாட்கள் இவற்றில் எதிலும் அகப்படுவதில்லை. மசக்கை ஐந்தாறு வாரத்தில் தொடங்குகிறது. ஒன்பது, பத்தாவது வாரத்தில் உச்சத்துக்குப் போகிறது. பெரும்பாலோருக்கு 16 முதல் 20 வாரத்துக்குள் அடங்கிவிடுகிறது. உறவு முழுவதும் கூடி வளையல் அடுக்கும்போது அந்தப் பெண் ஓரளவு தேறி, பசித்துச் சாப்பிடத் தொடங்கியிருப்பாள். உறவு கூடியிருக்க வேண்டிய நாட்கள் அதற்கு நான்கைந்து மாதம் முன்பே போய்விட்டன.

அந்த நாட்களில் உறவு கூடாததற்கு ஒரு காரணம், உறவுக்கே செய்தி தெரியாது என்பது. முழுகாமல் இருக்கிறாள் என்பதை மூன்று மாதம் முடியும்வரை வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் இன்றும் பெரும்பாலான வீடுகளில் உள்ள கட்டுப்பாடு. கண் பட்டுவிடும் என்பார்கள். கரு கலைந்துவிட்டால் ஊருக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்ற அச்சமும் அதில் இருக்கிறது, அது நியாயமான அச்சம். கலையும் கருக்களில் பெரும்பாலானவை முதல் மூன்று மாதத்தில்தான் கலைகின்றன. ஆனால் இந்த மௌனத்துக்கு விலை கொடுப்பவள் அந்தப் பெண்தான். வாந்தி எடுத்துக்கொண்டே பேருந்தில் வேலைக்குப் போகிறாள்; தாளிக்கும் வாசம் பட்டாலே குமட்டும் நிலையில் ஆறு பேருக்குச் சமைக்கிறாள்; என்ன ஆச்சு என்று கேட்பவர்களிடம் பித்தம் என்கிறாள்.

வேங்கிக்கால் திருவண்ணாமலையின் வடக்குப் பக்கம், வேலூர் சாலையில் இருக்கிறது. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இங்கேதான். நகரம் தன் பழைய எல்லையைத் தாண்டி வளர்ந்து வந்து நிற்கும் இடம் இது. ஆகவே பழைய கிராமத்துக் குடும்பமும், வேலைக்காக வந்து வாடகை வீட்டில் இருக்கும் இளம் தம்பதியும் ஒரே தெருவில் வசிக்கிறார்கள். முதல் குடும்பத்தில் மசக்கைக்காரிக்கு யோசனை சொல்லப் பத்துப் பேர் உண்டு, ஓய்வு கிடையாது. இரண்டாவது வீட்டில் ஓய்வு கிடைக்கலாம், ஒரு டம்ளர் மோர் கலக்கிக் கொடுக்கப் பகலில் ஆள் கிடையாது. எது மேல் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டு வீட்டிலும் அவள் கேட்கும் வாக்கியம் ஒன்றுதான்: எல்லாருக்கும் வர்றதுதானே.

எல்லாருக்கும் வருவதுதான். கர்ப்பிணிகளில் பத்துக்கு ஏழு பேருக்காவது குமட்டலோ வாந்தியோ வருகிறது. காலையில் மட்டும் வருவது சிலருக்குத்தான். பலருக்கு நாள் முழுவதும் இருக்கும், மாலையில் கூடும். ஆனால் எல்லாருக்கும் வருவது எல்லாருக்கும் ஒரே அளவில் வருவதில்லை. நூற்றில் ஒருவர் இருவருக்கு அது முற்றி, தண்ணீர்கூடத் தங்காமல், உடல் எடை குறைந்து, மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நோயாகிறது. மருத்துவத்தில் இதற்கு ஹைப்பரெமிசிஸ் கிராவிடாரம் என்று பெயர். 1855 மார்ச்சில், கர்ப்பமாக இருந்தபோது இறந்துபோன ஆங்கில நாவலாசிரியை சார்லட் பிராண்டியின் உயிரைப் பறித்தது இதுதான் என்று கருதும் மருத்துவ வரலாற்றாளர்கள் பலர். நரம்பு வழியாக நீர் ஏற்றும் சிகிச்சை பரவிய பிறகே இதனால் சாவது அரிதாயிற்று. அதன் பிறகும் நெடுநாள் இதை மனக்கோளாறு என்றுதான் மருத்துவ நூல்கள் எழுதின. கர்ப்பத்தை மனத்தளவில் வெறுப்பவளே வாந்தி எடுக்கிறாள் என்று 20-ஆம் நூற்றாண்டின் மருத்துவர்கள் பலர் கருதினார்கள். நம் வீடுகளில் நடிக்கிறாள் என்று சொல்வதும் அதே கருத்தின் நாட்டு வடிவம்தான்.

அந்தக் கருத்துக்கு இப்போது இடமில்லை. 2023 டிசம்பரில் நேச்சர் இதழில் வெளியான ஓர் ஆய்வு மசக்கையின் காரணத்தை இதுவரை இல்லாத தெளிவோடு காட்டியது. அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் மரபணு ஆய்வாளர் மார்லீனா ஃபெய்சோ. 1999-இல் அவரே கடும் மசக்கையில் கிடந்து, கருவை இழந்தவர். அவர் சொன்னதை நம்ப அன்று மருத்துவர் தயாராக இல்லை. பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்த ஒரே கேள்வியைத் துரத்தினார். மற்றொருவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் ஓ'ரஹிலி. ஸ்காட்லாந்து, அமெரிக்கா, இலங்கை ஆய்வாளர்களும் சேர்ந்த கூட்டு முயற்சி அது.

அவர்கள் கண்டது இது. ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோன் எல்லார் உடலிலும் சிறிதளவு உண்டு. உடலுக்கு ஏதோ கேடு நேர்ந்திருக்கிறது, சாப்பிடாதே என்று மூளைக்குச் சொல்வது அதன் வேலை. கர்ப்பம் தரித்தவுடன் கருவும் நஞ்சுக்கொடியும் இதைப் பெருமளவில் சுரந்து தாயின் இரத்தத்தில் விடுகின்றன. மூளையின் அடித்தண்டில் வாந்தியை ஆளும் பகுதியில் இதற்கென்றே ஓர் ஏற்பி இருக்கிறது. ஹார்மோன் அதில் போய்ப் பொருந்தியதும் குமட்டல் தொடங்குகிறது. கர்ப்பத்துக்கு முன்பு இந்த ஹார்மோன் இரத்தத்தில் குறைவாக இருந்த பெண்களுக்கு அந்தத் திடீர்ப் பெருக்கு தாங்க முடியாததாகிறது. முன்பே அது அதிகமாக இருந்தவர்களுக்கு உடல் பழகியிருப்பதால் பாதிப்பு குறைகிறது. காரமே அறியாத நாக்குக்கும் ஆந்திரச் சாப்பாட்டில் வளர்ந்த நாக்குக்கும் ஒரே மிளகாய் வேறு வேறாக உறைப்பதைப் போல.

இதற்குச் சான்று தேடியபோதுதான் இலங்கை உள்ளே வந்தது. பீட்டா தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய் உள்ளவர்களுக்கு ஜிடிஎஃப்15 கர்ப்பத்துக்கு நெடுநாள் முன்பிருந்தே மிக அதிகமாக இருக்கும். கருத்துச் சரியானால் அந்தப் பெண்களுக்கு மசக்கை இருக்கக் கூடாது. இலங்கையில் கேட்டுப் பார்த்தார்கள், தலசீமியா உள்ள பெண்களில் மசக்கை மிகக் குறைவாகவே இருந்திருக்கிறது. எலிகளுக்கு முதலில் சிறு அளவில் இந்த ஹார்மோனைக் கொடுத்துப் பழக்கிவிட்டுப் பின்பு பேரளவில் கொடுத்தபோது, பழகாத எலிகளைப் போல அவை உணவை ஒதுக்கவில்லை. ஹார்மோன் குறைவாகச் சுரக்கும் ஓர் அரிய மரபணு மாற்றத்தைக் கொண்ட பெண்களுக்குக் கடும் மசக்கையின் அபாயம் பல மடங்கு அதிகம் என்பதும் உறுதியானது. அம்மாவுக்கும் அக்காவுக்கும் இருந்தால் தங்கைக்கும் வரும் என்று நம் பாட்டிகள் சொன்னதில் உண்மை இருக்கிறது. கர்ப்பத்துக்கு முன்பே இந்த ஹார்மோனைச் சற்று உயர்த்தி உடலைப் பழக்கலாமா என்பதே இப்போது ஆய்வாளர்கள் தேடும் வழி. சர்க்கரை நோய்க்குத் தரப்படும் மெட்ஃபார்மின் அதை உயர்த்தும் என்பதால் அதைச் சோதிக்கும் எண்ணமும் அவர்களிடம் இருக்கிறது. இன்று யாரும் அதைத் தாமாக வாங்கிச் சாப்பிட வேண்டியதில்லை.

இந்தக் கண்டுபிடிப்பை நான் இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மசக்கைக்காரி மீது சுமத்தப்படும் பழிகளில் பெரும்பாதியை இது இறக்கி வைக்கிறது. அவள் செல்லமாக வளர்ந்ததாலோ, வேலைக்குச் சோம்பியோ, மாமியார் சமையல் பிடிக்காமலோ வாந்தி எடுக்கவில்லை. அவள் உடலின் பழக்கத்துக்கு மீறிய ஒரு செய்தி அவள் மூளைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. மன உறுதியால் அதை நிறுத்த முடியாது.

இன்னொரு பேச்சையும் இங்கே தீர்த்துவிட வேண்டும். மசக்கை அதிகமானால் பெண் குழந்தை என்கிறார்கள். 1999-இல் லான்செட் இதழில் வந்த சுவீடன் ஆய்வு ஒன்று, கடும் மசக்கையால் முதல் மூன்று மாதத்தில் மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்குப் பிறந்த குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் 56 பெண் என்று கண்டது. மற்றவர்களிடம் அது 49-க்குச் சற்றுக் குறைவு. அதாவது மருத்துவமனையில் சேரும் அளவுக்கு மசக்கை கண்டவர்களிலும் நூற்றில் 44 பேருக்கு ஆண் பிறந்திருக்கிறது. தனி ஒரு பெண்ணின் வயிற்றில் என்ன இருக்கிறது என்று இதை வைத்துச் சொல்லவே முடியாது. வேறு மாவட்டத்தில் இதை விளையாட்டுப் பேச்சாக விட்டுவிடலாம். இங்கே முடியாது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சட்டத்தை மீறிச் சொல்லும் கும்பல்கள் திருவண்ணாமலை மாவட்டத்தில் பலமுறை பிடிபட்டிருக்கின்றன. 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்த காரியம் அது. ஏற்கெனவே இரண்டு பெண் குழந்தைகள் உள்ள வீட்டில், மூன்றாவது கர்ப்பத்தில் ஒருத்தி ஓயாமல் வாந்தி எடுக்கும்போது, இதுவும் பொண்ணுதான் போல என்று சொல்லப்படும் சொல் எங்கே கொண்டு விடும் என்பதை இந்த மாவட்டத்தில் இருப்பவர்கள் அறிவார்கள்.

என்னதான் சாப்பிடுவது? இந்தக் கேள்விக்கு எளிய பதில், எது தங்குகிறதோ அது. ஊட்டச்சத்தைப் பற்றி அந்த எட்டுப் பத்து வாரங்களில் குடும்பம் கவலைப்படும் அளவுக்குக் கவலைப்படத் தேவையில்லை. பத்து வாரக் கரு மூன்று, நான்கு சென்டிமீட்டர்தான் இருக்கும். அதற்கு வேண்டியதைத் தாயின் உடல் சேமிப்பிலிருந்து கொடுத்துவிடும். தாய்க்கு நீர் வற்றாமல் இருப்பதுதான் முக்கியம். வயிறு காலியானால் குமட்டல் கூடும், நிறைந்தாலும் கூடும். ஆகவே இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி. படுக்கையை விட்டு எழுவதற்கு முன்பே காய்ந்த பண்டம் ஏதாவது வாயில் போட்டு, கால் மணி நேரம் படுத்திருந்து எழுந்தால் பலருக்குக் காலை வாந்தி குறைகிறது. வெளிநாட்டு நூல்கள் இதற்கு உப்பு பிஸ்கட்டைச் சொல்லும். நமக்கு அரிசிப் பொரியும் பொட்டுக்கடலையும் இருக்கின்றன. கார்த்திகை தீபத்துக்கு மூட்டை மூட்டையாகப் பொரி இறங்கும் ஊர் இது. எண்ணெய் இல்லை, வாசம் இல்லை, தலைமாட்டில் ஒரு டப்பாவில் வைத்துக்கொள்ளலாம்.

வாசம்தான் பெரிய எதிரி. சூடான உணவிலிருந்து மணம் கிளம்பும், ஆறியதிலிருந்து அவ்வளவு கிளம்பாது. ஆறிய இட்லி, மோர்ச்சோறு, நார்த்தங்காய் ஊறுகாய் தொட்ட பழைய சோறு ஆகியவை மசக்கையில் ஒத்துக்கொள்வதற்கு இதுவும் காரணம். தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல் இடையிடையே குடிப்பது நல்லது. வெறும் தண்ணீர் குமட்டினால் உப்பிட்ட மோர், எலுமிச்சை நீர், இளநீர், உப்பு சர்க்கரைக் கரைசல். இஞ்சிக்கு ஓரளவு சான்று உண்டு. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிராம் உலர்ந்த இஞ்சி அளவில் நடந்த சோதனைகளில் குமட்டல் சற்றுக் குறைந்தது, வாந்தியின் எண்ணிக்கை அவ்வளவாகக் குறையவில்லை. சுக்குத் தட்டிப் போட்ட வெந்நீர் என்று நாம் வைத்துக்கொள்ளலாம். தமிழக அரசு கர்ப்பிணிகளுக்காகத் தொகுத்த பதினொரு சித்த மருந்துகள் கொண்ட மகப்பேறு சஞ்சீவிப் பெட்டகத்திலும் மாதுளை மணப்பாகு இருந்தது. முதல் மாதங்களின் வாந்திக்கு உரியது அது. புளிப்பும் இனிப்பும் சேர்ந்த பாகு, சிறு சிறு மடக்காக உள்ளே போகிறது, கொஞ்சம் சக்தியும் தருகிறது. வாந்தி எடுத்தவுடன் பல் துலக்கினால் அமிலத்தில் ஊறிய பல் தேயும். அப்போது வாயைக் கொப்பளித்தால் போதும், பிறகு துலக்கிக்கொள்ளலாம்.

பௌர்ணமி விரதமும் கிருத்திகை விரதமும் இருக்கும் பெண்கள் இங்கே அதிகம். மசக்கை நாட்களில் வெறும் வயிறு எவ்வளவு கேடு என்று பார்த்தால், அந்த மூன்று மாதத்துக்கு விரதத்தையும் 14 கிலோமீட்டர் கிரிவலத்தையும் தள்ளிவைப்பதே சரி. அண்ணாமலையார் எங்கும் போய்விட மாட்டார்.

மண் தின்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். புறநானூற்றின் 20-ஆம் பாடலில் குறுங்கோழியூர் கிழார் தம் சேர மன்னனின் நாட்டைப் புகழும்போது, அதன் மண்ணைக் கருவுற்ற பெண்கள் ஆசைப்பட்டு உண்பார்களே அல்லாமல் பகைவர் உண்ண முடியாது என்ற பொருளில் பாடுகிறார். ஈராயிரம் ஆண்டுப் பழக்கம் இன்றும் போகவில்லை. இன்று மண்ணோடு சாம்பல், பல்பம், பச்சரிசி, கோயில் விபூதி என்று வாய்க்கு வாய் வேறுபடுகிறது. திருநீறு தின்பதைப் பக்தியோடு சேர்த்துப் பார்ப்பதால் யாரும் தடுப்பதில்லை. உணவல்லாததைத் தேடும் இந்த ஆசை இரும்புச்சத்துக் குறைவோடு சேர்ந்து வருவதை மருத்துவம் பலமுறை கண்டிருக்கிறது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழகக் கர்ப்பிணிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இரத்தசோகை. ஆகவே மாங்காய் கேட்டால் வாங்கிக் கொடுங்கள். சாம்பல் கேட்டால் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். இரும்பு மாத்திரை குமட்டலைக் கூட்டும் என்பதும் உண்மை. முதல் மூன்று மாதம் ஃபோலிக் அமிலம் மட்டும், இரும்பு நான்காம் மாதத்திலிருந்து என்று நம் நாட்டு வழிகாட்டுதல் வகுத்திருப்பது இந்த வகையில் மசக்கைக்காரிக்கு ஒரு தயவு. மாத்திரையை வாங்கி அலமாரியில் ஒளித்து வைக்கும் பெண்ணைத் திட்டுவதற்கு முன், அவள் எத்தனையாவது வாரத்தில் இருக்கிறாள் என்று பாருங்கள்.

இவற்றால் அடங்காதபோது மருந்து வேண்டும். இங்கே பயம் குறுக்கே நிற்கிறது. அந்தப் பயத்துக்கு வரலாறு உண்டு. 1957-இல் மேற்கு ஜெர்மனியில் கிரூனெந்தால் நிறுவனம் தாலிடோமைடு என்ற தூக்க மருந்தை விற்கத் தொடங்கியது. மசக்கைக்கும் நல்லது என்று உலகின் பல நாடுகளில் அது கொடுக்கப்பட்டது. கை கால் வளராத குழந்தைகள் பிறந்தன. 1961 நவம்பரில் ஜெர்மனியில் திரும்பப் பெறப்படுவதற்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டிருந்தன. அமெரிக்காவில் அந்த மருந்துக்கு அனுமதி தராமல் இழுத்தடித்தவர் ஃபிரான்சஸ் கெல்சி என்ற ஒரே ஓர் அதிகாரி. அந்நாடு பெருமளவு தப்பியது. அந்தக் கொடுமையின் நிழல் வேறு ஒரு நல்ல மருந்தின் மீதும் விழுந்தது. டாக்ஸிலமினும் வைட்டமின் பி6-உம் சேர்ந்த மாத்திரை 1956 முதல் அமெரிக்காவில் விற்கப்பட்டு வந்தது. அது குழந்தையைப் பாதிக்கிறது என்று வழக்கு மேல் வழக்காக வந்து, 1983-இல் நிறுவனம் அதை நிறுத்திவிட்டது. பல்லாயிரம் கர்ப்பங்களை ஆராய்ந்தும் குற்றச்சாட்டுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. மருந்து இல்லாத அந்த ஆண்டுகளில் பிறவிக் குறைபாடுகள் குறையவில்லை. மசக்கைக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கைதான் கூடியது. 2013-இல் அமெரிக்க அரசு அதே சேர்க்கைக்கு மறுபடி அனுமதி கொடுத்தது. நம் நாட்டில் இது நெடுங்காலமாகக் கிடைக்கிறது, மகப்பேறு மருத்துவர்கள் முதலில் எழுதித் தருவது பெரும்பாலும் இதைத்தான். தூக்கம் வரும், அதற்கு மேல் அஞ்ச ஒன்றுமில்லை. ஆன்டான்செட்ரான் அடுத்த நிலை மருந்து. முதல் மூன்று மாதத்தில் எடுத்தால் பத்தாயிரத்தில் 11 குழந்தைகளுக்கு வரக்கூடிய உதடு, அண்ணப் பிளவு 14 பேருக்கு வரலாம் என்கிறது பெரிய ஆய்வு ஒன்று. அவ்வளவு சிறிய வேறுபாட்டைச் சொல்லி, கடும் வாந்தியில் கிடப்பவளுக்கு அதை மறுப்பதும் தவறு, கேட்டவுடன் எல்லாருக்கும் எழுதுவதும் தவறு.

இனிச் சொல்லப் போவதுதான் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது. மூன்று நாளாக ஒன்றும் தங்கவில்லை என்றால் நம் ஊரில் என்ன செய்கிறோம்? ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திட்டு வந்துடலாம் என்கிறோம். தெருமுனை கிளினிக்கில் ஒரு மணி நேரம் படுத்திருந்து எழுந்து வருகிறாள். கொஞ்சம் தெம்பு வந்ததாகத் தோன்றுகிறது. இதில் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. குளுக்கோஸை எரித்துச் சக்தியாக்க உடலுக்குத் தயாமின், அதாவது வைட்டமின் பி1, கட்டாயம் வேண்டும். உடலில் அதன் இருப்பு இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் தாங்காது. வாரக்கணக்கில் வாந்தி எடுத்தவளிடம் அந்த இருப்பு தீர்ந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் தயாமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால், மிச்சம் இருந்ததும் செலவாகி மூளை பாதிக்கப்படலாம். பார்வை இரட்டையாகத் தெரியும், கண்விழி தானாக அசையும், நடை தள்ளாடும், பேச்சில் குழப்பம் வரும். 1881-இல் இதை முதலில் விவரித்த கார்ல் வெர்னிக்கேயின் பெயரால் இது அழைக்கப்படுகிறது. உடனே தயாமின் ஊசி போட்டால் மீளலாம். தாமதித்தால் நினைவாற்றல் நிரந்தரமாகப் போகும், உயிரும் போகலாம். கடும் வாந்தியோடு வரும் கர்ப்பிணிக்கு முதலில் தயாமின், ஏற்றுவது உப்பு நீர், தேவைக்கேற்பப் பொட்டாசியம் என்பதே மருத்துவ வழிகாட்டுதல். தயாமின் விலை அதிகமான மருந்தும் அல்ல. துணைக்குப் போகும் கணவரோ அம்மாவோ, பி1 ஊசி போட்டீங்களா டாக்டர் என்று ஒரு வார்த்தை கேட்கலாம். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

தயாமினுக்கும் அரிசிக்கும் உள்ள உறவு நாம் அறிய வேண்டியது. தீட்டிய பச்சரிசியில் அது தவிட்டோடு போய்விடுகிறது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலிருந்து அரிசிக்குள் ஊறித் தங்கிவிடுகிறது. பச்சரிசி உண்ட தெலுங்கு மாவட்டங்களில் தயாமின் குறைவால் வரும் பெரிபெரி நோய் பரவியிருந்த காலத்திலும், புழுங்கல் அரிசி உண்ட தமிழ்நாட்டில் அது அரிதாக இருந்ததை ஆங்கிலேயர் கால மருத்துவர்கள் குறித்து வைத்தார்கள். ஆரணிப் பக்கத்து ஆலைகளில் நெல் அவியும் வாசத்தை நுகர்ந்து வளர்ந்த மாவட்டம் நம்முடையது. அந்தப் புழுங்கல் அரிசிச் சோறு வயிற்றில் தங்கும்வரை கவலை இல்லை. தங்காதபோதுதான் ஊசி வேண்டும்.

எப்போது போக வேண்டும் என்பதற்கு வீட்டில் ஓர் எடைக்கருவி போதும். கர்ப்பத்துக்கு முன்பு 50 கிலோ இருந்தவள் இரண்டரை கிலோ இறங்கினால் அது சாதாரண மசக்கை அல்ல. ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் தங்கவில்லை, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை அல்லது கலங்கி அடர்ந்து போகிறது, எழுந்தால் கண் இருட்டுகிறது, வாந்தியில் இரத்தம் வருகிறது, காய்ச்சலோ வயிற்றுவலியோ சேர்ந்திருக்கிறது என்றால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும், மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. அளவுக்கு மீறிய வாந்திக்குப் பின்னால் இரட்டைக் கரு இருக்கலாம். நஞ்சுக்கொடித் திசு இயல்பின்றிப் பெருகும் முத்துப்பிள்ளைக் கர்ப்பம் இருக்கலாம். தைராய்டு, சிறுநீர்த் தொற்று இருக்கலாம். பத்து வாரம்வரை ஒன்றும் இல்லாமல் இருந்து, அதன் பிறகு முதன்முதலாக வாந்தி தொடங்கினால் அது மசக்கையாக இருக்க வாய்ப்பு குறைவு, வேறு காரணம் தேட வேண்டும். வேங்கிக்காலில் இருப்பவர்களுக்குத் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கம்தான். பௌர்ணமி இரவில் சாலைகள் அடைபடும் என்பதால் அன்று மட்டும் பகலிலேயே போய்விடுவது நல்லது. ஜவ்வாது மலைக் கிராமங்களில் இருப்பவளுக்கு அதே மருத்துவமனை பல மணி நேரப் பயணம். அங்கே 108-ஐ முன்கூட்டியே அழைப்பது தவிர வேறு வழி இல்லை.

முதல் மூன்று மாதத்தின் மௌனத்துக்குள் இப்போதே நுழையக்கூடியவர் ஒருவர் இருக்கிறார், கிராம சுகாதார செவிலியர். 12 வாரத்துக்குள் பதிவு செய்து, பிக்மி எனப்படும் கர்ப்பப் பதிவு எண் வாங்கினால்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி கிடைக்கும் என்பதால், உறவினரிடம் சொல்லாத செய்தியைக்கூடப் பெண்கள் அவரிடம் சொல்கிறார்கள். 18,000 ரூபாய் மதிப்புள்ள அந்த உதவியில் 14,000 பணமாகவும் மீதி இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களாகவும் வருகிறது. பெட்டகத்தில் உள்ள மாவும் நெய்யும் இரும்பு டானிக்கும் நல்ல சரக்குதான். மசக்கை உச்சத்தில் இருப்பவளால் அவற்றின் மூடியைத் திறக்கக்கூட முடியாது. அவளுக்கு அப்போது வேண்டியது மூன்று கேள்விகள். நேற்று எத்தனை மணி நேரம் குமட்டல் இருந்தது, எத்தனை முறை வாந்தி வந்தது, எத்தனை முறை ஒன்றும் வெளிவராமல் ஓங்கரித்தது. கனடாவில் உருவான ஒரு மதிப்பீட்டு முறை இந்த மூன்றுக்கு மட்டுமே மதிப்பெண் போட்டு, 3 முதல் 15 வரை கணக்கிட்டு, 13-ஐத் தொட்டால் கடுமை என்கிறது. தாளும் பேனாவும் போதும். பதிவு செய்யும் அன்றே இதைக் கேட்டு, எடையைக் குறித்து, ஒரு வாரம் கழித்து மீண்டும் கேட்டால், முற்றப் போகும் பெண்ணை முன்கூட்டியே அடையாளம் காணலாம். இதைத் தமிழகம் எல்லாப் பதிவிலும் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வேலைக்குப் போகும் பெண்களுக்கும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். பேறுகால விடுப்பு 26 வாரம் என்பதை எல்லாரும் அறிவார்கள். அதில் எட்டு வாரத்துக்கு மேல் பிரசவத்துக்கு முன் எடுக்க முடியாது என்பதால், மசக்கை நாட்களுக்கு அது எட்டாது. ஆனால் கர்ப்பத்தால் வரும் நோய்க்கு ஊதியத்தோடு கூடுதலாக ஒரு மாதம் வரை விடுப்பு உண்டு என்று 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டமே சொன்னது. 2020-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதை வைத்திருக்கிறது. மருத்துவர் சான்று வேண்டும், அவ்வளவுதான். செய்யாறு சிப்காட்டில் காலணி தைக்கும் ஆயிரக்கணக்கான இளம் பெண்கள் பசை வாசத்துக்கு நடுவே எட்டு மணி நேரம் நிற்கிறார்கள். இந்த ஒரு மாதத்தை எத்தனை பேர் கேட்டு வாங்கியிருப்பார்கள்? கேட்காமல் வேலையை விட்டு நின்றவர்கள் அதிகமாக இருப்பார்கள் என்றே நினைக்கிறேன். அன்றாடக் கூலிக்கு நடவு நடுபவளுக்கோ, ஆரணியில் வீட்டுத் தறியில் பட்டு நெய்பவளுக்கோ இந்தச் சட்டம் ஒன்றும் தராது. அவர்களுக்குக் கூலி இழப்பை ஈடு செய்ய மகப்பேறு நிதியின் முதல் தவணை ஆறாவது வாரத்திலேயே வந்தால் அது உண்மையான உதவியாக இருக்கும்.

வீட்டில் செய்ய வேண்டியது பணம் பிடிக்காத காரியம். ஒன்பதாம் மாதம் தாய்வீட்டுக்கு அனுப்புவதைப் போல இரண்டாம் மாதம் இரண்டு வாரம் அனுப்பலாம்; அனுப்ப முடியாவிட்டால் அவளை அடுப்படியிலிருந்து விடுவிக்கலாம். கணவர் உலை வைக்கட்டும், மாமியார் தாளிக்கும்போது அவள் வாசலில் காற்றாட உட்காரட்டும். மருத்துவரிடம் போகும்போது கர்ப்பத்துக்கு முந்தைய எடை, இன்றைய எடை, கடைசியாக எப்போது எது தங்கியது, எப்போது சிறுநீர் போனது, இதுவரை என்ன மருந்து எடுத்தாள் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பேசத் தெம்பில்லாமல் இருப்பவளுக்காக அந்தத் தாள் பேசும்.